சட்டம் எப்போது வேலை செய்தது? காடு, முருகைக்கல், கிணறு: ஒரு சிறு வரலாறு

போன மாதம் எங்கள் வாசிப்பு வட்டத்தில் சுற்றாடல் சட்டங்களைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தோம். அரை மணித்தியாலத்துக்குள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டோம். ஒரு கட்சி, "இந்த நாட்டில சட்டம் எல்லாம் கடதாசியில மட்டும்தான், அடிக்கிறவன் அடிச்சுக்கொண்டுதான் இருப்பான்" என்றது. மற்றக் கட்சி, "இருக்கிற சட்டம் காணாது, இன்னும் இறுக்கமா வேணும்" என்றது. சுன்னாகத்துப் பக்கத்தைச் சேர்ந்த தோழி ஒருத்தி கடைசிவரை பேசாமல் இருந்துவிட்டுக் கேட்டாள்: "எங்கட கிணத்தில எண்ணெய் மிதந்த நேரம் சட்டம் இருந்ததுதானே? அப்ப அது எங்க போயிருந்தது?"

அன்றைக்கு எங்களிடம் பதில் இருக்கவில்லை. அதன் பிறகு கொஞ்சம் தேடிப் படித்தோம். அப்படிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறோம். சட்டத்தின் கடுமையை மட்டும் பார்த்தால் இந்தக் கேள்விக்கு விடை வராது என்று எங்களுக்குப் படுகிறது. சட்டத்தை யார் கையில் வைத்திருக்கிறார்கள், அந்தக் கையில் வேறு என்ன இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டியிருக்கிறது. இதற்கு நாங்கள் மலைநாட்டிலிருந்து தொடங்க வேண்டும்.

காடு யாருடையது?

1840இல் ஆங்கிலேய ஆட்சி ஒரு கட்டளைச் சட்டம் கொண்டுவந்தது. முடிக்குரிய காணிகளில் அத்துமீறுவதைத் தடுப்பது என்பது அதன் பெயரில் இருந்த நோக்கம். அதன் சாரம் இதுதான்: காடு, தரிசு, ஆட்கள் குடியில்லாத, பயிரில்லாத நிலம் எல்லாம், வேறொருவருடையது என்று நிரூபிக்கப்படும் வரை முடிக்குரியதாகக் கொள்ளப்படும். கண்டிப் பகுதிக் கிராமத்தவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சேனை செய்த நிலங்களுக்குப் பெரும்பாலும் எழுத்தில் உறுதி இல்லை. எனவே அவை ஒரே நாளில் அரசின் கைக்குப் போய்விட்டன.

அரசு அந்தக் காட்டை வைத்துக்கொண்டிருக்கவில்லை, விற்றது. கோப்பிச் செய்கையின் ஆரம்பத்தில் ஒரு ஏக்கர் ஐந்து சிலிங் என்ற விலைக்கு மலைக்காடுகள் போயின. 1844இல்தான் அடிப்படை விலை இருபது சிலிங் ஆனது. காணி வாங்கியவர்களில் அரச உத்தியோகத்தர்களும் இருந்தார்கள். 1870கள் ஆகும்போது இரண்டு இலட்சம் ஏக்கருக்கு மேல் கோப்பி நின்றது. 1869இல் கண்டுபிடிக்கப்பட்ட இலை நோய் அந்தக் கோப்பியை அழித்தது. அழிந்த இடத்தில் தேயிலை வந்தது. வெட்டின காடு திரும்பி வரவில்லை.

இதே அரசுதான் பிறகு காட்டைக் காக்கவும் சட்டம் போட்டது. 1873இல் தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கர், ஐயாயிரம் அடிக்கு மேலே உள்ள காடுகளை வெட்ட விடக்கூடாது என்று வலியுறுத்தினார். அது ஏற்றுக்கொள்ளப்பட்டது. 1885இல் வனக் கட்டளைச் சட்டம் வந்தது. இன்றைக்கு ஹோட்டன் சமவெளிப் பக்கம் காடு மிஞ்சியிருப்பதற்கு அந்த ஐயாயிரம் அடிக் கோடும் ஒரு காரணம். மகாவலி, களனி, வளவை ஆறுகளுக்கு நீர் கொடுக்கும் மலைகள் அவை. ஆகவே அரசு ஒழுங்குவிதியால் எதுவுமே நடக்காது என்று சொல்பவர்களுக்கு நாங்கள் முதலில் காட்டக்கூடிய இடம் அதுதான்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கோப்பிக்கு உகந்த உயரம் பெரும்பாலும் அந்தக் கோட்டுக்குக் கீழேதான். காசு வரக்கூடிய காட்டை விற்ற பிறகுதான் மிச்சக் காட்டுக்கு வேலி போட்டார்கள். கீழே, சேனை செய்த கிராமத்தவனுக்கு அனுமதிப்பத்திரமும் தண்டமும் வந்தன. ஆயிரக்கணக்கான ஏக்கரை மொட்டையடித்த துரைமாருக்கு உறுதி எழுதிக் கொடுக்கப்பட்டிருந்தது. விற்கிறவனும் காவல்காரனும் ஒருத்தனாக இருந்தால் காவல் எந்தப் பக்கம் திரும்பும் என்பதை நாங்கள் இங்கே முதல் தடவையாகக் கண்டோம்.

1980: பல்லும் ஓட்டையும்

சுதந்திரத்துக்குப் பிறகும் நீண்ட காலம் காடு, வனவிலங்கு, மண் என்று துண்டு துண்டான சட்டங்கள்தான் இருந்தன. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க வந்தது 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டம். அதன்கீழ் 1981இல் மத்திய சுற்றாடல் அதிகாரசபை உருவானது. முதல் சில வருடங்கள் அது ஆலோசனை சொல்லும் அமைப்பாகவே இருந்தது. 1988ஆம் ஆண்டுத் திருத்தம்தான் அதற்குப் பல்லு வைத்தது. கழிவு வெளியேற்றும் தொழிற்சாலைகளுக்குச் சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரமும், பெரிய திட்டங்களுக்குச் சுற்றாடல் தாக்க மதிப்பீடும் கட்டாயமாகின. அந்த மதிப்பீட்டு அறிக்கையை மக்கள் பார்க்கவும், முப்பது நாட்களுக்குள் கருத்துச் சொல்லவும் உரிமை கிடைத்தது.

ஓட்டையும் இருக்கிறது. சுற்றாடலைப் பாதுகாக்க வேண்டியது அரசின் கடமை என்று அரசியலமைப்பின் 27ஆம் உறுப்புரை சொல்கிறது. இரண்டு உறுப்புரை தாண்டி, 29ஆவது, இந்தக் கடமைகளை எந்த நீதிமன்றத்திலும் கேட்டு வாங்க முடியாது என்கிறது. அதாவது கடமை இருக்கிறது, கேட்க வழியில்லை. பிறகு 2000ஆம் ஆண்டுத் திருத்தத்தில், சிறிய மதிப்பீடான ஆரம்ப சுற்றாடல் பரிசோதனைக்கு மக்கள் கருத்துக் கேட்கும் முப்பது நாள் கட்டாயமும் போய்விட்டது.

இந்தப் பல்லும் ஓட்டையும் நடைமுறையில் என்ன செய்தன? மூன்று ஊர்களைப் பார்ப்போம்.

பெரலிய: சட்டம் இருந்தது, சூளையும் எரிந்தது

தென்மேற்குக் கரையில் முருகைக்கல்லைத் தோண்டிச் சுட்டுச் சுண்ணாம்பாக்குவது பழைய தொழில். வீடு கட்டுகிறவர்களுக்கு அது தேவைப்பட்டது. 1984இல் செய்த கணக்கெடுப்பின்படி, அம்பலாங்கொடைக்கும் திக்வெல்லைக்கும் இடையில் ஒரு வருடத்துக்கு ஏறக்குறைய 18,000 தொன் முருகைக்கல் சூளைக்குப் போனது. அதில் கடலுக்குள் உடைத்ததும் கரையில் பொறுக்கியதும் உள்நிலத்தில் தோண்டியதும் அடங்கும்.

1981இல் கரையோரப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. உயர் நீர்மட்டக் கோட்டிலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றர், தாழ் நீர்மட்டக் கோட்டிலிருந்து கடல்பக்கம் 2 கிலோமீற்றர் வரை கரையோர வலயம் என்று வரையறுத்தது. 1988ஆம் ஆண்டுத் திருத்தம் அந்த வலயத்துக்குள் முருகைக்கல் அகழ்வதைத் தடை செய்தது. எழுத்தைப் பார்த்தால் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் அகழ்வு நிற்கவில்லை. பொலிஸ் வந்தால் நிற்கும், போனால் தொடங்கும். அகழ்ந்து பிழைத்தவர்களில் சிலருக்கு உள்ளே காணி கொடுத்துப் பயிர்ச்செய்கைக்கு மாற்றப் பார்த்தார்கள். கடலை நம்பி வளர்ந்தவர்களில் பலர் திரும்பிக் கரைக்கே வந்தார்கள். தடை கல் உடைக்கிறவன் தலையில் விழுந்தது. சுண்ணாம்புக்கு இருந்த தேவை அப்படியே இருந்தது.

2004 டிசம்பர் 26. சமுத்திரதேவி ரயிலைக் கடல் அடித்துப் போனது பெரலியவில்தான். அந்த இடத்தில் மட்டும் ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அடுத்த வருடம் வெளிவந்த ஒரு கள ஆய்வு இரண்டு இடங்களை ஒப்பிட்டது. பெரலியவில் அலை ஏறத்தாழ பத்து மீற்றர் உயரத்துக்கு எழும்பி, ஒன்றரைக் கிலோமீற்றர் உள்ளே போயிருந்தது. அங்கிருந்து சில கிலோமீற்றர் தெற்கே, முருகைப் பாறை இன்னும் இருந்த ஹிக்கடுவையில், அலை இரண்டு மூன்று மீற்றர்தான், உள்ளே வந்ததும் ஏறத்தாழ ஐம்பது மீற்றர்தான். கடலடியின் வடிவமும் அலையை மாற்றும் என்பதால் முழுப் பழியையும் முருகைக்கல் அகழ்வில் போட முடியாது. ஆனால் பாறை இல்லாத இடத்தில் தண்ணீருக்குக் கதவு திறந்திருந்தது என்பதை ஆய்வு தெளிவாகவே சொன்னது.

ஹிக்கடுவை 1979இலேயே கடல்சார் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. ஆனால் சரணாலயம் என்ற பெயர்ப்பலகை மட்டும் அந்தப் பாறையைக் காத்தது என்று நாங்கள் நினைக்கவில்லை. கண்ணாடி அடிப் படகு ஓட்டுகிறவருக்கும், விடுதி நடத்துகிறவருக்கும் பாறை உயிரோடு இருந்தால்தான் சோறு. பெரலியவில் பாறையை உடைத்தால்தான் சோறு. ஒரே கரை, ஒரே திணைக்களம். ஒரு இடத்தில் சட்டத்துக்கு ஊரில் துணை இருந்தது. மற்ற இடத்தில் சட்டம் தனியே நின்றது.

எப்பாவலை: தோண்டுவதற்கு முன்பே கேட்டவர்கள்

அநுராதபுர மாவட்டத்தில் எப்பாவலை என்ற இடத்தில் 1971இல் பொஸ்பேற் படிவு கண்டுபிடிக்கப்பட்டது. அரச நிறுவனம் அதைச் சிறிய அளவில் எடுத்து உரத்துக்குக் கொடுத்துவந்தது. 1990களில் அரசு ஒரு அமெரிக்கக் கம்பனியோடு கூட்டாக, பெரிய அளவில் தோண்டும் ஒப்பந்தத்துக்குப் போனது. ஆய்வுக்கு ஒதுக்கிய பரப்பு 56 சதுர கிலோமீற்றர். முப்பது வருடத்தில் 26 மில்லியன் தொன்னுக்கு மேல் எடுக்கும் திட்டம். ஏறக்குறைய 2,600 குடும்பங்கள், 12,000 பேர் எழும்ப வேண்டிவரும். கலாவெவவிலிருந்து அநுராதபுரத்துக்குத் தண்ணீர் கொண்டுபோகும் பழைய ஜயகங்கை வாய்க்காலும் அந்தப் பரப்புக்குள் வந்தது.

ஊரவர் சிலர் உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். காணிக்காரர், விவசாயிகள், விகாரைப் பிக்கு ஒருவர். அரச தரப்பு இரண்டு வாதம் வைத்தது. ஒன்று, இது இன்னும் யோசனை மட்டும்தான், எதுவும் நடக்கவில்லை. மற்றது, இது பொது விஷயம், உங்களுக்கென்று தனி உரிமை ஒன்றும் மீறப்படவில்லை. 2000 ஜூன் 2ஆம் திகதித் தீர்ப்பு இரண்டையும் தள்ளியது. நடக்கப்போகும் மீறலுக்கும் மனுப்போடலாம். எல்லோருக்கும் பொதுவான உரிமை என்பதற்காக ஒருவருக்கு அது இல்லாமல் போகாது.

முக்கியமான விஷயம் இதற்குப் பிறகு வருகிறது. அந்த ஒப்பந்தம் தனக்கென்று வேறொரு சுற்றாடல் நடைமுறையை எழுதி வைத்திருந்தது. சட்டத்தில் உள்ள தாக்க மதிப்பீட்டையும், மக்கள் கருத்துச் சொல்லும் படியையும் சுற்றிப் போகும் வழி அது. நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. முழுமையான ஆய்வும், சட்டப்படியான தாக்க மதிப்பீடும் முடியும் வரை ஒப்பந்தம் செய்யக்கூடாது என்றது. அரசு இயற்கை வளத்தின் காவலன், மக்கள் நம்பி ஒப்படைத்ததைப் பார்த்துக்கொள்கிற தரப்பு என்றும் சொன்னது. 1840இல் முடி தன்னைச் சொந்தக்காரன் என்று அறிவித்துக்கொண்டது. அந்தச் சிந்தனைக்கு நூற்றி அறுபது வருடம் கழித்து ஒரு மறுப்பு எழுதப்பட்டது. அந்தப் பெருந்திட்டம் அதோடு நின்றது.

எப்பாவலைக்காரருக்காகப் புதிதாக ஒரு சட்டமும் வரவில்லை. 1988இல் எழுதப்பட்ட அதே பல்லுத்தான். மண்வெட்டி விழுவதற்கு முன்பே, ஊரே சேர்ந்து அதைப் பிடித்து இழுத்தார்கள்.

சுன்னாகம்: எண்ணெய் வந்த பிறகு

யாழ்ப்பாணத்தில் வருடம் முழுக்க ஓடும் ஆறு கிடையாது. மழை சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கி நிலத்தடியில் தேங்குகிறது. நாங்கள் அதைக் கிணற்றில் அள்ளுகிறோம், தோட்டத்துக்கு இறைக்கிறோம். அந்தக் கல்லில் வெடிப்பும் குகையும் நிறைய. தண்ணீர் எவ்வளவு சுகமாக உள்ளே இறங்குகிறதோ, அதே சுகத்தோடு எண்ணெயும் இறங்கும். இறங்கினதை எடுப்பது லேசில்லை.

சுன்னாகத்தில் மின் நிலையம் பல பத்தாண்டுகளாக இருந்தது. போருக்குப் பிறகு தனியார் நிறுவனம் ஒன்றும் அங்கே எண்ணெயில் மின்சாரம் உற்பத்தி செய்தது. வாளித் தண்ணீரில் எண்ணெய்ப் படலம் தெரிகிறது என்று சனங்கள் முறையிட்டார்கள். தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை 2013, 2014இல் பரிசோதித்த 150 கிணறுகளில் 109இல் எண்ணெயும் கொழுப்பும் அனுமதித்த அளவைத் தாண்டியிருந்தன. ஊரில் போராட்டங்கள் நடந்தன. பவுசரில் தண்ணீர் வந்தது. 2015 ஜனவரியில் மல்லாகம் நீதவான் நீதிமன்றம் உற்பத்தியை நிறுத்தச் சொன்னது.

பழி யாருக்கு என்பதில் இழுபறி தொடர்ந்தது. போர்க்காலத்தில் சேதமான தாங்கிகளிலிருந்து ஊறின எண்ணெய் என்றார்கள். மாகாண மட்டத்தில் அமைத்த நிபுணர் குழுவின் முடிவும் சர்ச்சைக்குள்ளானது. தெற்கைச் சேர்ந்த சுற்றாடல் அமைப்பொன்றின் தலைவர் 2015இல் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுத் தாக்கல் செய்தார். 2019 ஏப்ரல் 4ஆம் திகதி தீர்ப்பு வந்தது. அந்தத் தனியார் நிறுவனம் மாசுக்குப் பொறுப்பு என்றும், அயலில் உள்ளவர்களுக்காக இரண்டு கோடி ரூபாய் நட்டஈடு கொடுக்க வேண்டும் என்றும் நீதிமன்றம் சொன்னது. மேற்பார்வை செய்திருக்க வேண்டிய அரச நிறுவனங்கள் தம் கடமையைச் சரிவரச் செய்யவில்லை என்பதையும் பதிவு செய்தது. எப்பாவலையில் பேசப்பட்ட கொள்கைகள் இங்கேயும் வந்தன.

எங்கட தோழியின் கேள்விக்கு இங்கேதான் வருகிறோம். சட்டம் எங்கே போயிருந்தது? இந்த நாட்டில் முதலீட்டுச் சபையின்கீழ் வரும் திட்டங்களுக்குச் சுற்றாடல் அனுமதிப்பத்திர வேலையையும் பெரும்பாலும் அந்தச் சபையே பார்க்கிறது, மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் இணக்கத்தோடு. முதலீட்டாளரை அழைத்து வந்து கதிரை போட்டு இருத்துவதும் அந்தச் சபையின் வேலை, அவருடைய கழிவு வாய்க்காலை எட்டிப் பார்ப்பதும் அந்தச் சபையின் வேலை. 1840ஆம் ஆண்டு உத்தியோகத்தரின் நிலையும் இதுதான். சட்டம் எங்கேயும் போகவில்லை. அழைத்து வந்தவரிடமே காவலும் ஒப்படைக்கப்பட்டிருந்தது.

எப்பாவலைக்கும் சுன்னாகத்துக்கும் உள்ள வித்தியாசமும் இப்போது புரிகிறது. அங்கே தோண்டுவதற்கு முன் ஊர் அறிந்தது. இங்கே போர் முடிந்து, இராணுவம் நிறைந்திருந்த காலத்தில், ஊருக்கு முன்கூட்டிக் கேட்கும் வாய்ப்பும் துணிவும் குறைவு. அங்கே தீர்ப்பு மண்ணைக் காத்தது. இங்கே தீர்ப்பு நட்டஈடு கொடுத்தது. இரண்டு கோடி ரூபாயால் நிலத்தடி நீரைக் கழுவ முடியாது.

பெற்றோலும் லஞ்ச் சீற்றும்

வழக்கு இல்லாமலும் வென்ற விதி உண்டா? உண்டு. 2002இல் இலங்கையில் ஈயம் கலந்த பெற்றோல் நிறுத்தப்பட்டது. இன்றைக்கு அப்படி ஒன்று இருந்ததே எங்களில் பலருக்குத் தெரியாது. அப்போது நாட்டின் எரிபொருள் ஒரே அரச கூட்டுத்தாபனத்தின் வழியாகத்தான் வந்தது. ஒரு குழாயை மாற்றினால் நாடு முழுக்க மாறும். ஈயத்தால் சம்பாதிக்கும் உள்ளூர்க் கூட்டம் ஒன்றும் எதிர்த்து நிற்கவில்லை.

மெல்லிய பொலித்தீனுக்குத் தடை 2007இல் வந்தது. 2017 ஏப்ரலில் மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து முப்பதுக்கு மேற்பட்டவர்கள் இறந்த பிறகு, அந்த வருடம் செப்டெம்பரில் லஞ்ச் சீற், ஷொப்பிங் பை என்று இன்னொரு தடை வந்தது. இன்றைக்கு மத்தியானம் சோத்துப் பார்சல் வாங்கினவர்கள் அது எதில் சுத்தியிருந்தது என்று ஒருக்கா நினைத்துப் பாருங்கோ. இது ஆயிரம் கடைகளில், ஒவ்வொரு நாளும், மலிவான மாற்று ஒன்றும் கொடுக்காமல் நடைமுறைப்படுத்த வேண்டிய தடை. பெரலியச் சூளையின் கதையேதான்.

அப்ப என்ன செய்யலாம்?

இரண்டு கட்சியாகப் பிரிந்த எங்கள் விவாதத்துக்குத் திரும்புகிறோம். "சட்டத்தால் ஒன்றுமே நடக்காது" என்ற கட்சிக்கு ஐயாயிரம் அடிக் கோடும், எப்பாவலையும், பெற்றோலும் பதில் சொல்கின்றன. "இன்னும் கடுமையாகப் போடு" என்ற கட்சிக்கு முருகைக்கல்லும் லஞ்ச் சீற்றும் பதில் சொல்கின்றன. தண்டத்தைக் கூட்டுவதற்கு முன் நாங்கள் கேட்க வேண்டியது மூன்று விஷயம். காவல்காரன் விற்கிறவனிடமிருந்து பிரிந்திருக்கிறானா? தடையால் பிழைப்பை இழப்பவனுக்கு வேறு வழி இருக்கிறதா? பாதிக்கப்படப்போகும் ஊருக்கு நேரத்தோடு தெரியுமா?

முதல் இரண்டுக்கும் அரசு அசைய வேண்டும். மூன்றாவதில் நாங்களும் செய்யக்கூடியது இருக்கிறது. தாக்க மதிப்பீட்டு அறிக்கை வந்தால் பத்திரிகையில் அறிவித்தல் வரும், அது தமிழிலும் வர வேண்டும். அறிக்கையின் பிரதி அந்தப் பகுதிப் பிரதேச செயலகத்தில் பார்வைக்கு இருக்கும். கருத்துச் சொல்ல முப்பது நாள். அடிப்படை உரிமை மனுவென்றால் மீறல் நடந்து ஒரு மாதத்துக்குள் போக வேண்டும் என்பதுதான் விதி. இந்த முப்பது நாட்கள்தான் எப்பாவலைக்கும் சுன்னாகத்துக்கும் இடையில் கிடக்கிற தூரம்.

எங்கள் வட்டத்தில் இப்போது ஒரு வேலை பிரித்திருக்கிறோம். மாதத்துக்கு ஒரு தடவை ஒவ்வொருவரும் தங்கட பிரதேச செயலக அறிவித்தல் பலகையைப் பார்த்துவிட்டு வருவது. பெரிய காரியம் ஒன்றும் இல்லை, அரை மணித்தியாலம் போதும். சுன்னாகத்துத் தோழிதான் முதல் ஆளாகப் பெயர் கொடுத்தாள். உங்கள் ஊரில் யார் பார்க்கிறார்கள்?